ஹாலிவுட்டுக்குப் பேச்சுப் பாடம் நடத்திய ‘பட்டிக்காட்டான்’

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலர் என்றாலே ஒன்று கவிதை வரும், இல்லாவிட்டால் பெரிய தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரும். நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது உங்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு துணை நடிகரைப் பற்றி. அவர் பெயர் ராபர்ட் ஈஸ்டன். அமெரிக்காக்காரர். கதாநாயகனாக நடித்து ஊர் ஊராகக் கட்-அவுட் வைக்கப்பட்டவர் இல்லை. ஆனால் அல் பசினோ, அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் போன்ற பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இவர் முன்னால் உட்கார்ந்து, “இந்தச் சொல்லை எப்படிச் சொல்லணும்?” என்று பாடம் கேட்டிருக்கிறார்கள்.

இவர் செய்த தொழிலுக்கு அங்கே ‘டயலெக்ட் கோச்’ என்று பெயர். உச்சரிப்புப் பயிற்சியாளர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம்ம சினிமாவிலும் கதாநாயகன் கோயமுத்தூர்க்காரனாகவோ மதுரைக்காரனாகவோ வரவேண்டும் என்றால், அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதையே முறையாகப் படித்து, ஒரு சாஸ்திரம் மாதிரிச் செய்தவர் ஈஸ்டன். தானும் நடித்துக்கொண்டே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த இரட்டைச் சவாரி நடந்தது.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நமக்கெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. லேத்தில் ஜாப் போடச் சொன்னால் போட்டுவிடுவோம். டிராயிங் போடச் சொன்னால் ராத்திரி பூரா உட்கார்ந்து போடுவோம். வாயைத் திறந்து நாலு வரி ஆங்கிலம் பேசு என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன வருஷம் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர், ஒர்க்‌ஷாப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனார். கேட்ட கேள்வி அவருக்குப் புரிந்தது. சொன்ன பதில் சரியானது. கேட்டவருக்குத்தான் புரியவில்லை. மூன்று தடவை “பார்டன்?” “பார்டன்?” என்று கேட்டதும் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அதோடு அந்த வேலையும் போயிற்று.

எனக்கு ஆங்கிலம் மட்டும் பிரச்சினை இல்லை, தமிழே பிரச்சினைதான். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான்தான். விடுதிக்கு வந்த புதிதில் “அவிய வந்துருக்காவ” என்று நான் சொன்னதைப் பத்துப் பேர் பத்துத் தடவை திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். வன்மம் கிடையாது, விளையாட்டுத்தான். ஆனாலும் ஒரு மாதம் நான் அளந்து அளந்துதான் பேசினேன். அதனால்தானோ என்னவோ, கம்யூனிகேஷன் லேப் வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியர் இந்த ஈஸ்டன் பெயரைச் சொன்னபோது எனக்கு அது பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு அவர் எங்களுக்குப் போட்டுக் காட்டியது ‘மை ஃபேர் லேடி’ என்ற பழைய படம். 1964-ல் வந்தது, எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். மூலக்கதை பெர்னார்ட் ஷா எழுதிய ‘பிக்மேலியன்’ நாடகம். 1913-ல் முதலில் வியன்னாவிலும், மறுவருஷம் லண்டனிலும் மேடை ஏறியது. லண்டன் தெருவில் பூ விற்கிற எலைசா என்ற பெண்ணுக்கு ஹென்றி ஹிக்கின்ஸ் என்ற உச்சரிப்புப் பேராசிரியர் ஆறு மாதம் பாடம் நடத்தி, அவளைப் பெரிய இடத்துச் சீமாட்டி என்று ஊரை நம்பவைக்கிறார். இதுதான் கதை. துணியை மாற்றினால் போதாது, பேச்சு மாறினால்தான் அந்த ஊர் ஒருத்தியை மதிக்கும் என்று ஷா குத்திக்காட்டுகிறார். ராபர்ட் ஈஸ்டனுக்குப் பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் ‘ஹாலிவுட்டின் ஹென்றி ஹிக்கின்ஸ்’. ஆனால் என் பார்வையில் அந்தப் பட்டம் பாதிதான் பொருந்தும். ஹிக்கின்ஸ் மேல்தட்டுக்காரர். ஈஸ்டன் முதலில் எலைசாவாக இருந்து, அப்புறம் ஹிக்கின்ஸ் ஆனவர்.

1930 நவம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவின் வடபகுதியில் மில்வாக்கி நகரத்தில் பிறந்தார். சிறுவயதில் திக்குவாய். இது முக்கியம், மறந்துவிடாதீர்கள். பிறகு தாயாருடன் தெற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய் அங்கே வளர்ந்தார். ஒரு பையன் ஆறேழு வயதில் வடக்கிலிருந்து தெற்குக்கு இடம் மாறினால் என்ன ஆகும்? சென்னைப் பையனைக் கொண்டுபோய்க் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி. இரண்டு பேச்சும் காதில் விழும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காது தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். திக்குகிற பலர் பாட்டுப் பாடும்போதும், வேறொருவர் குரலில் பேசும்போதும் திக்காமல் பேசுவார்கள் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். சொந்தக் குரலில் தடுக்கி விழுந்த ஒரு பையன் பிற்காலத்தில் ‘ஆயிரம் குரல் மனிதர்’ என்று பெயர் வாங்கினது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ‘க்விஸ் கிட்ஸ்’ என்று அந்தக் காலத்து அமெரிக்க வானொலியில் அறிவாளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. பள்ளிப் பருவத்திலேயே அதில் பங்கேற்றார். பிறகு வானொலி நாடகம், சினிமா, டிவி என்று நடிக்க வந்தார். 1951-ல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ படத்தில் சிப்பாய் வேடம். அதற்குப் பிறகு கிடைத்தது எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வேடம்தான். நெட்டையான ஆள், இழுத்து இழுத்துப் பேசுகிற தெற்கத்திப் பேச்சு. ஆகவே மந்தபுத்தி உள்ள பட்டிக்காட்டான்!

இங்கேதான் நண்பர்களே, கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். தேசம் பூரா கேட்ட வானொலி வினாடி வினாவில் உட்கார்ந்த மூளை அது. அந்த மூளைக்காரருக்கு ஹாலிவுட் கொடுத்த சம்பளம் முட்டாளாக நடிப்பதற்கு. ஏன்? அவர் வாயிலிருந்து வந்த ‘அ’வும் ‘ஐ’யும் டெக்சாஸ் மண்ணிலிருந்து வந்தவை. அந்த ஓசையைக் கேட்டதும் ‘இவன் மந்தம்’ என்று கேட்கிறவர் மனது முடிவு கட்டிவிடுகிறது. நம்ம படங்களில் கிராமத்துப் பேச்சுக்கும் மீனவர் பேச்சுக்கும் என்னென்ன வேடம் கொடுக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெற்கத்தி ஆங்கிலத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ரொம்பச் சின்னச் சின்ன விஷயங்கள். மற்றவர்கள் ‘மை’, ‘நைட்’ என்று சொல்வதைத் தெற்கே பலர் ‘மா’, ‘நாட்’ என்பதுபோலச் சொல்வார்கள். ‘ஐ’ என்ற ஒலியில் கடைசியில் வரும் ‘இ’ தேய்ந்துபோகும். குண்டூசி ‘பின்’னும் எழுதுகிற ‘பென்’னும் டெக்சாஸில் பலர் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். உயிரெழுத்துகள் நீளும். இவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் அறிவு குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் இந்தப் பேச்சை விட்டுத் தொலைத்து, வடக்கத்தி ஆங்கிலம் பேசப் பழகி, பழைய ஊரை மறைத்திருப்பார். அப்படி மறைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஈஸ்டன் போன வழி வேறு. 1960-களின் தொடக்கத்தில் மனைவியுடன் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் படித்தார். லேசான இடம் இல்லை அது. 1917-லேயே ஆங்கிலத்துக்கு உச்சரிப்பு அகராதி போட்ட டேனியல் ஜோன்ஸ் கட்டி வளர்த்த துறை. எந்த உயிரொலிக்கு நாக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கும், முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று படம் போட்டே காட்டுவார்கள். நாம் மெஷின் டிராயிங்கில் ஒரு புள்ளியை எக்ஸ், ஒய் அளவு வைத்துக் குறிக்கிறோமே, அதே மாதிரி நாக்குக்கு ஒரு கிராஃப்!

இது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. எட்டாம் வகுப்புத் தமிழில் ‘எழுத்துகளின் பிறப்பு’ என்று ஒரு பாடம் இருக்கிறதே, ஞாபகம் வருகிறதா? ‘ப்’, ‘ம்’ இரண்டும் உதடு பொருந்துவதால் பிறக்கும், ‘வ்’ மேல்பல் கீழுதட்டில் பொருந்துவதால் பிறக்கும் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. அதைப் படித்தபோது இது ஒரு பிழைப்புக்கு உதவும் என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

லண்டனில் படித்துக்கொண்டே பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? பொம்மைக்குக் குரல் கொடுத்தார். ‘ஸ்டிங்ரே’ என்று ஒரு டிவி தொடர், 1964-லும் 1965-லும் ஒளிபரப்பானது, மொத்தம் 39 பகுதிகள். ஜெர்ரி ஆண்டர்சன் தயாரித்தது. நீர்மூழ்கிக் கப்பல் சாகசக் கதை. நடிப்பதெல்லாம் நூல்பொம்மைகள். இதில் ‘ஃபோன்ஸ்’ என்ற கப்பல்காரருக்கு ஈஸ்டன் தன் சொந்தத் தெற்கத்திப் பேச்சையே கொடுத்தார். அதே தொடரில் எக்ஸ்-20 என்ற வில்லன் உளவாளிக்கும் அவர்தான் குரல். அதற்கு பீட்டர் லோரே என்ற நடிகரின் வழுக்குகிற குரலை மாதிரியாக எடுத்துக்கொண்டார். சாதுவும் அவரே, சதிகாரனும் அவரே. பார்க்கிற பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது.

அந்தப் பொம்மைகளைப் பற்றி நம்ம துறைக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், கட்டுரையை விட்டு ஒரு பத்தி தள்ளிப் போனாலும் பரவாயில்லை. முதலில் நடிகர்களின் வசனத்தை டேப்பில் பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பின்போது அந்த டேப்பை ஓடவிடுவார்கள். அதிலிருந்து வரும் மின்துடிப்பு, பொம்மையைத் தாங்குகிற மெல்லிய கம்பி வழியாகவே இறங்கித் தலைக்குள் இருக்கும் சோலினாய்டுக்குப் போகும். சோலினாய்டு இழுக்க, கீழுதடு அசையும். வசனத்துக்கும் உதட்டுக்கும் பொருத்தம் கச்சிதம். தலைக்குள் சோலினாய்டு வைக்க இடம் வேண்டும் என்பதால்தான் அந்தப் பொம்மைகளுக்கு உடம்பைவிடத் தலை பெரிதாக இருக்கும். 1967-ல் வந்த ‘கேப்டன் ஸ்கார்லெட்’ தொடரில் அந்தக் கருவியை மார்புக்கு இறக்கிய பிறகுதான் தலை மனுஷத் தலை அளவுக்கு வந்தது. ஆக, ஈஸ்டனின் குரலுக்கு ஒரு எலக்ட்ரோ-மெக்கானிக்கல் வாய் இருந்திருக்கிறது!

அமெரிக்கா திரும்பின ஈஸ்டனுக்கு 1965-ல் வெளியான ‘தி லவ்டு ஒன்’ படத்தில் ஒரு வேடம். இதைப் பற்றித் தெரிந்துகொண்டபோது நான் தனியாகச் சிரித்தேன். டஸ்டி ஏக்கர்ஸ் என்ற கௌபாய் நடிகனாக அவர் வருகிறார். அவனுக்கு ஆங்கிலேய உச்சரிப்பு கற்றுக்கொடுக்க ஸ்டுடியோக்காரர்கள் ஒரு பெரிய மனிதரை ஏற்பாடு செய்கிறார்கள். அந்தப் பெரிய மனிதராக நடித்தவர் இங்கிலாந்தின் மாபெரும் மேடை நடிகர் சர் ஜான் கீல்குட். பாவம், அவரும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறார். கௌபாய்க்கு வரவே இல்லை. லண்டனில் போய் ஒலியியலே படித்துவிட்டு வந்த மனிதர், உச்சரிப்பு மண்டையில் ஏறாத மக்காக நடிக்கிறார். எந்த இடத்தில் தவறினால் சரியாகத் தவறும் என்பது தெரிந்தவர்தானே அதை அழகாகச் செய்ய முடியும்.

அதற்குப் பிறகு பயிற்சியாளர் வேலை வளர்ந்தது. இந்த வேலையின் பக்குவத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். 1983-ல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அல் பசினோவுக்கு, கியூபாவிலிருந்து அகதியாக வந்து மயாமியில் கொக்கைன் கடத்தும் டோனி மோன்டானா வேடம். பசினோ நியூயார்க்கில் பிறந்தவர். கியூபாக்காரர் ஆங்கிலம் பேசினால் எப்படி இருக்கும் என்று பிடிக்க வேண்டும். பயிற்சியாளர் முதலில் பார்ப்பது அந்த ஆளின் தாய்மொழியை. ஸ்பானிஷ் மொழியில் குறில் ‘இ’, நெடில் ‘ஈ’ என்ற பிரிவு கிடையாது. ஆகவே கப்பலும் ஆடும், அதாவது ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும், ஒன்றாகிவிடும். ஸ்பானிஷில் எந்தச் சொல்லும் ‘ஸ்’ஸுடன் இன்னொரு மெய் சேர்ந்து தொடங்காது. முன்னால் ஒரு ‘எ’ வந்தே தீரும். அதனால் ‘ஸ்கூல்’ அவர்கள் வாயில் ‘எஸ்கூல்’. எங்கள் அம்மா ‘இஸ்கூல்’ என்பாள்! கியூபாக்காரருக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே இலக்கணம். தமிழிலும் சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது அல்லவா? வாய் தன் இலக்கணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. இத்தனை நாள் ‘இஸ்கூல்’ என்பவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

பசினோவின் அந்தப் பேச்சைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, ரொம்ப மிகை என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பாத்திரமே மிகையான ஆள்தான்.

அர்னால்டு விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் ஆஸ்திரியாக்காரர், தாய்மொழி ஜெர்மன். 1970-ல் அவர் நடித்த முதல் படத்தில் அவர் பேச்சை அப்படியே வைக்கத் துணியாமல் வேறொருவரை டப்பிங் பேசவைத்துத்தான் படத்தை வெளியிட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் 1988-ல் ‘ரெட் ஹீட்’ படத்தில் சோவியத் ரஷ்யப் போலீஸ் அதிகாரியாக நடிக்க வேண்டும். பார்க்கிற நமக்கு எல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு. ஆனால் ஆஸ்திரியாக்காரர் ஆங்கிலத்துக்கும் ரஷ்யர் ஆங்கிலத்துக்கும் வித்தியாசம் நிறைய. ரஷ்ய மெய்யெழுத்துகளில் பல, நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்ப, ஒரு ‘ய’ கலந்த மாதிரி மெதுவாகும். ரஷ்ய ‘ர்’ நம்ம ‘ர்’ போல நாக்கு நுனியில் உதறும். ‘ஹ’ என்பது தொண்டையில் உராய்ந்து ‘க்ஹ’ என்பதுபோல வரும். ஈஸ்டனுக்கு இங்கே இருந்த வேலை ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதல்ல. ஒரு அந்நிய வாடையை எடுத்துவிட்டு வேறொரு அந்நிய வாடையைப் போடுவது!

2003-ல் வந்த ‘காட்ஸ் அண்ட் ஜெனரல்ஸ்’ அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய படம். அதில் ராபர்ட் டுவால் நடித்தது தென்பகுதியின் தளபதி ராபர்ட் லீ. டுவாலுக்கும் ஈஸ்டன்தான் ஆசான். அதே படத்தில் ஈஸ்டனே ஒரு சிறு வேடத்திலும் வருகிறார். இங்கே சிக்கல் என்ன? லீ இறந்தது 1870-ல். எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்ததே 1877-ல். லீ எப்படிப் பேசினார் என்பதற்கு ஒரு ஒலிப்பதிவுகூட உலகத்தில் கிடையாது, இருக்கவும் முடியாது. இந்த மாதிரி நேரத்தில் பயிற்சியாளர்கள் வேறு வழியில் போவார்கள். அந்த வட்டாரத்தில் பிற்காலத்தில் பதிவான முதியவர்களின் குரலைக் கேட்பார்கள். படிப்பு குறைந்தவர்கள் அந்தக் காலத்தில் எழுதின கடிதங்களில் உள்ள எழுத்துப்பிழைகளைப் பார்ப்பார்கள். காதில் விழுந்தபடியே எழுதுகிறவன் எழுத்தில்தான் அந்தக் காலத்து ஓசை அப்படியே ஒட்டியிருக்கும். வர்ஜீனியாவின் பழைய பேச்சில் ‘ர்’ சொல் இறுதியில் மறைந்துவிடும், ‘ஹவுஸ்’ என்பதில் உள்ள ‘அ’ குறுகி வாய்க்குள் உயரும். எழுத்துப்பிழைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இவர் பாடம் நடத்தியதில் பெரிய பெயர் வாங்கியது 2006-ல் வந்த ‘தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து’. உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனாக நடித்தவர் ஃபாரஸ்ட் விட்டேகர். 2007 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்கு. இடி அமீன் காக்வா இனத்தவர். பிரிட்டிஷ்காரர்களின் ஆப்பிரிக்கப் படையில் இருந்தபோது ஸ்வாஹிலி பேசிப் பழகியவர். விட்டேகர் அந்த ஸ்வாஹிலியையே கற்றுக்கொண்டார். ஸ்வாஹிலியில் உயிரொலி மொத்தம் ஐந்துதான். ஆங்கிலத்தில் இருக்கும் பன்னிரண்டு, பதிமூன்று விதமான உயிரொலியையும் அந்த ஐந்து டப்பாவுக்குள் அடைக்க வேண்டும். பிறகு தாளம். ஆங்கிலக்காரர் ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்குவார். கிழக்கு ஆப்பிரிக்கரோ எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுப்பார். நாமும் அப்படித்தான் பேசுகிறோம்! அந்த அண்ணனுக்கு இன்டர்வியூவில் வந்த பிரச்சினையில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் ஆங்கிலக்காரருக்கு அழுத்தம் முதல் அசையில். ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்கு ஓடிவிடும். நாம் இரண்டையும் செங்கல் அடுக்கின மாதிரி ஒரே சீராகச் சொல்வோம். அவர்கள் காது அந்த அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. அது கிடைக்காதபோது “பார்டன்?”

நடிப்பையும் அவர் விடவில்லை. 1991-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் ஆறாவது படத்தில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நீதிபதியாக வந்தார். கிளிங்கான் மொழி மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர் சினிமாவுக்காகவே உண்டாக்கிய மொழி. பூமியில் இருக்கிற பேச்செல்லாம் தீர்ந்து, வேற்றுக்கிரகத்துக்கே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 2011 டிசம்பர் 16-ஆம் தேதி தன் 81-ஆவது வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

சரி, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய தொழில்நுட்பம் என்ன? அமெரிக்கன் மாதிரி பேசப் பழகுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கால் சென்டரில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல் என்று திண்டாடுகிற அண்ணன்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், அது அவர்கள் சோறு. எனக்கு வேண்டியது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொன்னது ஒரே தடவையில் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மொத்த வாயையும் ஓவர்ஹால் செய்யத் தேவையில்லை. எங்கே அட்ஜஸ்ட் செய்யணுமோ அங்கே மட்டும் கைவைத்தால் போதும். ஈஸ்டன் படித்த அதே லண்டன் கல்லூரியில் ஜான் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1982-ல் ஒரு வசதி செய்து வைத்தார். ஆங்கில உயிரொலிகளுக்கு ‘கிட்’, ‘டிரெஸ்’, ‘டிராப்’, ‘லாட்’ என்று 24 அடையாளச் சொற்கள். எந்த ஊர் ஆங்கிலமானாலும் இந்த 24-ம் எப்படி ஒலிக்கிறது என்று பார்த்துவிட்டால் அந்த ஊர்ப் பேச்சின் வரைபடம் கையில். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்.

ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். நோட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். ‘பேனா’ என்று தமிழில் சொல்லுங்கள். காகிதம் அநேகமாக ஆடாது. ஒரு ஆங்கிலக்காரர் ‘பென்’ என்றால் அது துள்ளும். சொல்லின் முதலில் வரும் ‘ப’வோடு அவர்கள் ஒரு மூச்சுக் காற்றை விடுவார்கள். அந்தக் காற்று இல்லாவிட்டால் அவர்கள் காதில் ‘பேக்’ என்று நாம் சொல்வது முதுகாகவோ மூட்டை கட்டுவதாகவோ எதுவாக வேண்டுமானாலும் விழலாம். அதுவே ‘ஸ்பின்’ என்று நடுவில் வந்தால் அவர்களுக்கும் காற்று வராது. அடுத்தது மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துச் சொல்லும் ‘வ’, உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘வ’. மாட்டு டாக்டரையும் ஈரத்தையும் நாம் ‘வெட்’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொல், இரண்டு வாய்.

எங்கள் விடுதி அறையில் இரண்டு மாதமாக இது நடக்கிறது. செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஒருவன் எட்டுச் சொல் சொல்லுவான், ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் கலந்து. மற்றவர்கள் கேட்டு எது எது என்று எழுத வேண்டும். நான் சொன்னதில் முதல் நாள் எட்டுக்கு மூன்றுதான் அவர்களால் சரியாக எழுத முடிந்தது. போன வாரம் ஏழு. அழுத்தம் இன்னும் முன்னே பின்னேதான் விழுகிறது. ‘வெட்’ இன்னும் வரவில்லை. ராத்திரி அப்பா போன் செய்தால் மட்டும் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, “என்னப்பா, சாப்ட்டியளா? அம்மைக்குக் கால் வலி எப்படி இருக்கு?” என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறேன். அறையில் இப்போது யாரும் திருப்பிச் சொல்வதில்லை. திண்டுக்கல் பையன் ஒருவன் மட்டும் அந்த ‘சாப்ட்டியளா’வில் ‘ய’ எங்கேயிருந்து வந்தது என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.